அப்பா பெயரில் ஒரு வருடம்

மதேரா, கலிஃபோர்னியா
26 ஆகஸ்ட் 2012

இல்லை அக்கா, தடுப்பூசி அட்டை போதாது. பள்ளி மதிப்பெண் பட்டியலும் போதாது. நான் இங்கே இருந்தேன் என்பதற்குத்தான் அவை சாட்சி. நான் யார் என்பதற்கு அல்ல.

முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். நாங்கள் நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா திராட்சை காய வைக்கும் வேலைக்குப் போகிறார். முழங்கால் வலிக்கிறது. கேட்டால் இல்லை என்பார்.

விஷயம் இதுதான். சின்ன வயதில் கூட்டி வரப்பட்டவர்களை இரண்டு வருடத்துக்கு வெளியேற்ற மாட்டோம், வேலை செய்ய அனுமதியும் ஒரு எண்ணும் தருவோம் என்று இந்த அரசு சொல்லியிருக்கிறது. அந்த எண் இல்லாமல் என்னை எந்த மருத்துவமனையிலும் பயிற்சிக்குச் சேர்க்க மாட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் பயிற்சி. விண்ணப்பம் போட்டால் பதில் வர ஐந்து மாதம். மார்ச்சுக்குள் போடாவிட்டால் செவிலியர் படிப்பில் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நவம்பரில் தேர்தல் வேறு. ஆள் மாறினால் இந்தக் கதவே மூடிவிடும் என்கிறார்கள்.

தேவாலயக் கூடத்தில் ஒரு வக்கீலம்மா இலவசமாகப் பார்க்கிறாள். "ஒரு மாசம்கூட காலியா இருக்கக் கூடாது கண்ணு. காலியா இருந்தா நீ அந்த மாசம் நாட்டுலயே இல்லன்னு அர்த்தம்" என்றாள். கணக்குக் காட்ட வேண்டிய ஐந்து வருடத்தைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். 2010 கோடையில் நான் இருந்ததற்கு ஒரே அத்தாட்சி, பல் பிடுங்கிய ரசீது. அந்தப் பல்லை நம்புகிறார்கள். என்னை நம்ப மாட்டார்கள்.

இனி ஒன்றே ஒன்றுதான் வேண்டும். பிறப்புச் சான்று. அது இருந்தால் நம் நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுப்பேன். ஊர் அலுவலகத்தில் ஒரு நகல் வாங்கி ஊருக்கும் இங்கேயுமாகப் பெட்டி ஏற்றி வரும் எவெலியோ வண்டியில் கொடுத்துவிடு. இதற்கு ஒரு காலை போதும் இல்லையா? தொலைபேசியில் சொல்லலாம் என்றால் நீதான் வர மாட்டேன் என்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நெரெய்தா


சான் மத்தேயோ யுகுந்தோ
16 செப்டம்பர் 2012

நெரெ,

கடிதம் கிடைத்தது. காலணியும் கிடைத்தது, ஒரு அளவு சின்னது. நான் நலம். மழை நன்றாகப் பெய்கிறது. சோளம் என் தலைக்கு மேலே நிற்கிறது.

தொலைபேசிக்கு நான் வர மாட்டேன். அலுவலகக் கூரையில் ஒலிபெருக்கி வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அங்கே அம்மா இறந்த அன்று, "ஒதிலியா, ஓடி வா, ஒங்கம்மா போயிட்டாங்களாம்" என்று அதில்தான் சொன்னார்கள். நான் வயலில் இருந்தேன். எனக்கு முன்னால் ஊரே கேட்டது. எழுது. போதும்.

உன் காரியத்துக்கு ஒரு காலை போதவில்லை. நான்கு காலை போனேன். உன் பக்கம் புத்தகத்தில் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். 1993, மே, பெண். மாவட்டத்தில் இருந்த இன்னொரு பிரதி கூரை ஒழுகி அழிந்துவிட்டது. ஆகவே உலகத்தில் நீ பிறந்ததற்கு இந்த ஒரு பக்கம்தான்.

எழுத்தர் நகல் எடுக்கப் பேனாவைத் திறந்தான். தலைவர் பௌஸ்தினோ வந்து எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டார்.

2000-இல் ஊர்ச்சபை அப்பாவை ஊர்க்காவல் பணிக்கு நியமித்தது. காவல் கோலைப் பிடித்துச் சம்பளமில்லாமல் ஒரு வருடம். அவர் வரவில்லை. செய்தி அனுப்பினார்கள், பதில் இல்லை. பணி செய்யாத வீட்டுக்கு ஊர் கையெழுத்துப் போடாது. அவர் வந்து அந்த வருடத்துக்குக் கோலை வாங்கட்டும், மறுநாளே தருகிறேன் என்றார். கத்தவில்லை. பல் குத்திக்கொண்டே சொன்னார்.

அப்பாவுக்கு இது தெரியும். கேட்டுப் பார்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். எல்லோரும் என்று அங்கே இரண்டு பேர்தானே.

ஒதிலியா


மதேரா
30 செப்டம்பர் 2012

அக்கா,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அப்பாவைக் கேட்டேன். செய்தி வந்தது உண்மைதான் என்றார். அப்போது எனக்கு ஏழு வயது, அம்மா பாதாம் ஆலையில் இரவு வேலை, திரும்பிப் போனால் மறுபடி எல்லை தாண்ட வழியில்லை. அதனால் பதில் போடவில்லை. அவ்வளவு சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

யார் இந்த பௌஸ்தினோ? நான் பிறந்ததை எழுதி வைத்த புத்தகம் அவர் அப்பன் வீட்டுச் சொத்தா? இங்கே ஒரு நாடு என்னை ஆள் இல்லை என்கிறது. அங்கே ஒரு ஊர் நான் பிறந்ததையே பூட்டி வைத்திருக்கிறது.

இத்துடன் தலைவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து நம் நாட்டுச் சட்டத்தைப் படித்து எழுதினேன். பிறப்புச் சான்று குடிமகளின் உரிமை, அதை மறுப்பது குற்றம், மேலிடத்தில் புகார் செய்வேன் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். நீ கொண்டுபோய்க் கொடு. ஒன்றும் பேசாதே, கொடுத்தால் போதும்.

மாற்றுக் காலணி அடுத்த வண்டியில். கவனமாக இரு.

நெரெய்தா


சான் மத்தேயோ
4 நவம்பர் 2012

நெரெய்தா,

உயிரோடு இருக்கிறேன். அம்மாவுக்கு இறந்தோர் நாளில் சாமந்தி வைத்தேன், ரொட்டி வைத்தேன். தண்ணீர் வைக்கப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினேன். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். தலைவருக்கு எழுதும் கடிதம் தலைவருக்கு மட்டும் இல்லை, அதைச் சபையில் உரக்கப் படிப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. ஐந்து வயதில் போனவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். உறை ஒட்டியிருந்தது. மரியாதையாக எழுதியிருப்பதாகச் சொன்னாய், நம்பினேன். அது என் தவறு.

நூற்றெண்பது பேர். எழுத்தர் வாசித்தான். 'குற்றம்' என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினான். 'மேலிடத்தில் புகார்' என்ற இடத்தில் பின்வரிசையில் சிரித்தார்கள். நீ போட்ட சட்டப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எங்கள் ஊர் மொழியில் பெயர்த்துச் சொன்னான். பதினைந்து நிமிடம். நான் பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

தோனா கந்தேலாரியா எழுந்தாள். அவள் புருஷனும் வடக்கேதான், அவனுக்குப் பதில் அவள் இரண்டு முறை கோல் பிடித்தவள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "படிச்ச பொண்ணு நல்லா எழுதியிருக்கு. குழாய் தோண்டுனப்ப இந்தச் சட்டம் எங்க போயிருந்துச்சாம்? நாங்க கையால தோண்டுனோம். சட்டத்தத் தொறந்து விட்டு அதுல தண்ணி புடிச்சுக்கச் சொல்லு."

கையைத் தூக்கினார்கள். நம் வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். மறுநாள் காலை குழாயை மூடினார்கள். மூட வந்தவன் என்னோடு பள்ளியில் படித்தவன், முகத்தைப் பார்க்காமல் மூடினான்.

நீ 'குடிமகள்' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். பானை காய்ந்தது என்னுடையது.

இனி இந்த ஊருக்கு எதுவும் எழுதாதே. எனக்கு எழுதுவதையும் யோசித்து எழுது.

ஒதிலியா


மதேரா
18 நவம்பர் 2012

அக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

எனக்குத் தெரியாது. இது மன்னிப்பா சாக்கா, நீயே வைத்துக்கொள். ஆனால் அவர்கள் செய்தது சரி என்று என்னால் எழுத முடியாது. தண்ணீரை மூடுகிறவர்களை என்னவென்று சொல்வது? நான் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. உண்மையைத் தவறான இடத்தில் வாசித்துவிட்டார்கள். இல்லை, நான்தான் தவறான இடத்துக்கு அனுப்பினேன். இதை மூன்று முறை அடித்து எழுதுகிறேன்.

தேர்தல் முடிந்தது. கதவு திறந்தே இருக்கிறது. என் காகித அடுக்கு முழுதாக இருக்கிறது, அந்த ஒரு பக்கம் தவிர.

உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பிறகு, "நான் போறேன்" என்றார். எங்கே என்றேன். "ஊருக்கு. ஒரு வருஷம்தானே. கோலப் புடிச்சுட்டா உன் காகிதம் வந்துரும். அவளுக்கும் தண்ணி வந்துரும்."

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. போனால் திரும்ப வர முடியாது. இந்த வயதில் பாலைவனத்தை நடந்து கடக்கிற ஆள் இல்லை. நான் கத்தினேன். அவர் கேட்கவில்லை. பணி தொடங்கும் ஜனவரி முதல் தேதிக்குள் அங்கே இருக்க வேண்டும் என்று எவெலியோவிடம் பேசிவிட்டார்.

நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது. அவரைத் தடுக்க நீ சொன்னால் ஒருவேளை கேட்பார். அல்லது வரட்டும் என்று சொல். ஏதாவது சொல்.

நெரெய்தா


மதேரா
12 டிசம்பர் 2012

அக்கா,

பதில் இல்லை. வண்டி இரண்டு முறை வந்து போய்விட்டது. மிளகாய் அனுப்பியிருக்கிறாய், காய்ந்த சோள ரொட்டி அனுப்பியிருக்கிறாய், ஒரு வரி இல்லை. உறையைக் கிழித்து உள்பக்கம்கூடப் பார்த்தேன்.

அப்பா பையைக் கட்டிவிட்டார். இரண்டு சட்டை, அம்மாவின் புகைப்படம். முதலாளியிடம் கணக்கு முடித்தாயிற்று. இருபத்தைந்தாம் தேதி கிளம்புகிறார்.

நீ கோபத்தில் இருக்கிறாய் என்று தெரியும். கோபத்தையாவது எழுது. உடம்பு சரியில்லையா?

நெரெ


சான் மத்தேயோ
18 டிசம்பர் 2012

நெரெய்தா,

நலம். உன் பிறப்புச் சான்று இத்துடன் இருக்கிறது. முத்திரை இரண்டு இடத்தில், கையெழுத்து மூன்று. மடிக்காதே.

அப்பா வர வேண்டாம். வேலை தீர்ந்தது. அவரிடம் சொல். எவெலியோவை நிற்காமல் ஓட்டச் சொல்லியிருக்கிறேன், அப்பா கிளம்புவதற்குள் வந்துவிடும்.

குழாயில் தண்ணீர் வருகிறது.

ஒதிலியா


மதேரா
3 பிப்ரவரி 2013

அக்கா,

உன்னைப் போலவே ஆரம்பிக்கிறேன். நலம்.

சான்று வந்த அன்று நான் அழுதேன். அப்பா பையை அவிழ்த்துச் சட்டைகளை ஆணியில் மாட்டினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதி. ஊர் மனம் மாறிவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாள். பாஸ்போர்ட் எடுத்தேன். விண்ணப்பத்தின் ஆறு பக்கங்களையும் நிரப்பினேன்.

நேற்று எவெலியோ பெட்டி இறக்க வந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒங்கக்கா இருக்காளே, ஊர் எல்லைல என் வண்டிய நிறுத்துனா. கைல கோலு. 'எறங்குங்க, சாராயம் இருக்கான்னு பாக்கணும்'னா. 'ஏம்மா, எங்கிட்டயேவா'ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. எல்லாப் பெட்டியையும் பிரிச்சுட்டா."

பிறகு மீதியையும் சொன்னார். டிசம்பர் சபையில் நீயே எழுந்து நின்று கோலைக் கேட்டாயாம். உன் பெயரில் செய்கிறேன் என்றாயாம். உன் பெயரில் செய்தால் அது உன் கணக்கு, அப்பா சிரிலோ பெயரில் உள்ள வீட்டுப் பாக்கி அப்படியே நிற்கும், தங்கைக்குக் காகிதம் கிடைக்காது என்றார்களாம். அதனால் அப்பா பெயரில் வாங்கிக்கொண்டாயாம். ஹுவாஹுவாபான் நகரத்தில் ஒரு தையல் கடையில் உனக்கு வேலை உறுதியாகியிருந்தது, ஜனவரியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக இருந்தாய் என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

அப்பாவிடம் போய் நின்றேன். தெரியுமா என்றேன். தெரியும் என்றார், எவெலியோ அவரிடம் முதலிலேயே சொல்லியிருக்கிறார். அப்போதுதான் கேட்டேன், இத்தனை வருடம் கேட்காததை. ஏன் என்னைக் கூட்டி வந்தீர்கள், ஏன் அவளை விட்டீர்கள். எல்லை தாண்டிக் கூட்டி வந்த ஆள் ஒரு குழந்தைக்குத்தான் இடம் என்றானாம். "மூத்தவளுக்கு அடுப்பு மூட்டத் தெரியும். நீ கைக்கொழந்த மாதிரி" என்றார். அவ்வளவுதான் காரணம்.

எனக்கு இந்தக் காகிதம் வேண்டாம். அதைத் திருப்பி அனுப்புகிறேன். அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் கோலையும் கொடுத்துவிடு. வீட்டைப் பூட்டிவிட்டுப் போ. நான் திராட்சை பறிக்கிறேன். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

நெரெய்தா


சான் மத்தேயோ
24 பிப்ரவரி 2013

நெரெய்தா,

நலம் என்று எழுத மாட்டேன். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. திருவிழா. குடித்தவர்களைத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுபோய்ச் சிறையில் அடைப்பது என் வேலை. நேற்று என் ஞானத்தந்தையை ஏற்றினேன். "சிரிலோ, மெதுவாத் தள்ளுடா" என்றார். ஆமாம், என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை பட்டியல் படிக்கும்போது, "சிரிலோ வந்தாச்சா?" என்பான் எழுத்தர். நான், "வந்தாச்சு" என்பேன். புத்தகத்தில் ஒரு கோடு போடுவான். வருடக் கடைசியில் அந்தப் புத்தகத்தைப் பார்க்கிறவனுக்கு அப்பா வந்து, பெருக்கி, மணி அடித்து, ஊரைக் காத்துவிட்டுப் போனதாகத் தெரியும்.

நீ அங்கே ஐந்து வருடம் இருந்தாய் என்று காட்ட ஒரு பெட்டி காகிதம் வைத்திருக்கிறாய். உன் பல்லுக்குக்கூட ரசீது இருக்கிறது. நான் இருபத்தாறு வருடமாக இங்கே இருக்கிறேன். எவனும் கேட்கவில்லை.

என் ஒரு வருட வேலையை ஒரு உறையில் போட்டு எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம். வேண்டாம் என்று நான் எதைச் சொல்லியிருக்கிறேன், யோசித்துப் பார்.

அடுப்பு விஷயம் எனக்குப் புதிதில்லை. அவர் அதைச் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். குனிந்து ஊதிக்கொண்டிருந்தேன். அணைந்துவிடட்டும் என்று ஊதுவதை நிறுத்தினேன். அது எரிந்துகொண்டே இருந்தது. அவ்வளவு நன்றாக மூட்டியிருந்தேன். நீ அம்மா முதுகில் தூங்கிக்கொண்டிருந்தாய். தூங்கியவள் மேல் எனக்கு என்ன கோபம்?

உனக்காகத்தான் கோலைப் பிடித்தேன் என்று நினைத்து உருகாதே. இதைச் சரியாகப் புரிந்துகொள். பதினான்கு வருடம் அவர் எனக்காக வருவார் என்று இருந்தேன். காய்ச்சலில் கிடந்தேன், வரவில்லை. அம்மா இறந்தாள், வரவில்லை. வர முடியாது, எல்லை, பாலைவனம், எல்லாம் சரி, நம்பினேன். பிறகு நீ எழுதினாய், "நான் போறேன்" என்றாராம். உன் காகிதத்துக்கு. அப்படியென்றால் வர முடியும். எல்லா வருடமும் வர முடிந்திருக்கும்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இருந்தேன். அவர் இந்த வாசலில் வந்து நிற்பதை நினைத்தேன். உன் காகிதத்துக்காக வந்து, இங்கே ஒரு வருடம் இருந்து, நான் மூட்டிய அடுப்பில் நான் சுட்ட ரொட்டியைத் தின்பார். நான் பரிமாற வேண்டும். அதைவிடக் குடிகாரனைத் தள்ளுவது மேல். அவர் வருவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் செய்யத்தான் சபையில் எழுந்தேன். போதுமா?

சான்று மறுபடி வருகிறது. இது பரிசு இல்லை, ஆகவே நீ மறுக்க முடியாது. இன்னொரு முறை திருப்பி அனுப்பினால் தள்ளுவண்டியிலேயே அதைப் போட்டுக் கொளுத்துவேன், அதன்பின் உலகத்தில் நீ பிறக்கவே இல்லை.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. எதையும் விடாதே. அவர் உடல்நலத்தை நான் விசாரிக்கவில்லை என்பதையும் சொல்.

ஒதிலியா


மதேரா
17 மார்ச் 2013

அக்கா,

தூங்குகிறாயா? திருவிழா முடிந்திருக்கும். இங்கே இருமல் தவிர வேறொன்றும் இல்லை.

படித்தேன். அப்பா நாற்காலியில், நான் நின்றுகொண்டு. எதையும் விடவில்லை. அடுப்பு வரும் இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு முறை என்றார். "முடியாது. உங்களுக்கு வேணும்னா நீங்களே எழுதிக் கேளுங்க" என்றேன். எழுதத் தெரியாது என்றார். தெரியும் என்று அவருக்கும் எனக்கும் தெரியும். மேசையில் காகிதமும் பேனாவும் வைத்தேன். ஒன்பது நாளாக அங்கேயே இருக்கிறது. சாப்பிடும்போது தட்டை அதற்குப் பக்கத்தில் தள்ளி வைத்துக்கொள்கிறார். நானும் எடுக்கவில்லை.

உனக்கு நன்றி எழுதப் பார்த்தேன். எந்த வார்த்தையைப் போட்டாலும் எனக்கே எரிச்சலாக இருந்தது. விட்டுவிட்டேன். உன் மேல் எனக்கும் கோபம் இருக்கிறது. ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஒன்றும் தெரியாதவளாகப் பாஸ்போர்ட்டுக்குச் சிரித்திருக்க மாட்டேன். அந்தப் படத்தில் பல் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை தபால் நிலையத்துக்குப் போனேன். வரிசையில் ஆறு பேர். சான்றின் நகல் மேலே இருக்கும்படி விண்ணப்பத்தை அடுக்கி, உறையை ஒட்டிக் கொடுத்தேன். ரசீது வாங்கினேன். பத்து மணிக்கு உடற்கூறு வகுப்பு இருந்தது. போனேன்.

நெரெய்தா